என் எடைக்கு ஓர் ஆள்

பிப்ரவரி 2, ஞாயிறு

"வீட்ல உக்காந்து யாரையாவது திட்டிக்கிட்டே இருக்கீங்க, வாங்கப்பா" என்று வினோதினி என்னை இடையஞ்சாவடிக்கு இழுத்துப் போனாள். தகரக் கொட்டகைக்குள் செயற்கைப் பாறைச் சுவர். அதில் வண்ண வண்ணப் பிடிகள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். மறுமுனையைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். மலையே இல்லாத ஊரில் இது எதற்கு?

"மலை இல்லாததாலதாம்பா" என்றாள் மகள்.

பிப்ரவரி 9

ஏறினேன். பாதியில் கை நழுவியது. நான் கீழே வர, கயிற்றைப் பிடித்திருந்த வினோதினி மேலே போய்விட்டாள். நடுவில் இருவரும் முகத்துக்கு முகம் தொங்கினோம். கொட்டகையே சிரித்தது. நானும்தான். எவ்வளவு நாளாயிற்று.

பயிற்சி தரும் சத்யப்ரியா, "சார், உங்க வெயிட்ட வினோ தாங்க மாட்டா. உங்க சைஸ்ல ஒரு ஆளு வேணும்" என்றாள்.

பிப்ரவரி 23

முன்பின் தெரியாதவர்கள் கீழே நின்று, "சார், எடது கால பச்சை மேல வைங்க" என்று கத்துகிறார்கள். விழுந்தாலும் கை தட்டுகிறார்கள். எனக்கு யார் கை தட்டியிருக்கிறார்கள்? சுவரில் இருக்கும்வரை அடுத்த பிடியைத் தவிர நினைவில் எதுவும் இல்லை. என் பகையாளிகள் ஒருவர்கூட மனசுக்குள் வரவில்லை. இறங்கியதும் வந்துவிட்டார்கள்.

மஞ்சள் பிடிகள் மட்டும் உச்சிவரை போகின்றன. அதை முடிக்க வேண்டும். கயிறு பிடிக்க என் எடைக்கு ஆள்தான் இல்லை, அதுவரை கைக்கெட்டும் உயரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மார்ச் 2

என் எடைக்கு ஆள் வந்தான். தட்சணாமூர்த்தி. சர்க்கரைக்கு உடற்பயிற்சி வேண்டுமாம். பல வருடம் முன்பு உப்பு உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, என்னைக் காட்டி, "அவருக்குக் கோவம் ஜாஸ்தி, செயலாளர் ஆக்காதீங்க" என்று சொன்ன அதே ஆள். அன்றோடு பேச்சு நின்றது. அவன் கையில் என் உயிரா?

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 5

மஞ்சளை விட மனமில்லை.

மார்ச் 9

ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே அது சட்டம். நானும் தட்சணாமூர்த்தியும் சத்யப்ரியாவைப் பார்த்துச் சொன்னோம்.

"முடிச்சு எங்கிட்டயா சார் இருக்குது? அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். "சரியா இருக்குது." இத்தனை வருடத்தில் அவனிடம் பேசிய முதல் சொல்.

உச்சியைத் தொட்டேன். இறங்குவதற்குக் கையை விட்டு, கயிற்றில் சாய்ந்து உட்கார வேண்டும். விட முடியவில்லை. விரல்கள் மரத்துப் போயின.

"ஏம்பா, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா? விடுப்பா, புடிச்சிருக்கேன்."

"உன்ன எப்பிடி நம்புறது?" கேட்டேவிட்டேன், எல்லோர் முன்பும்.

கீழிருந்து அவன் குரல். "உனக்குப் பதவி வேணாம்னு சொன்னேன். நீ விழணும்னு சொன்னனா?"

கையை விட்டேன். கயிறு இறுகி நின்றது. மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார்.

மார்ச் 10

உடம்பெல்லாம் வலி — நல்ல வலி. வினோதினிக்கு நன்றி சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. அனுமந்தைக்குப் போய் அவளுக்குப் பிடித்த வஞ்சிர மீன் வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 13

கூட்டத்தில் அவர் பேசியது இன்னும் தப்புதான். அவரிடமே சொன்னேன்.

"சரி சரி, முடிச்சக் காட்டு" என்றார்.

மே 4

உப்பு வாரும் வேலை, தட்சணாமூர்த்தி வரவில்லை. புதிதாய் வந்திருந்த பருமனான ஒருவர், "நான் புடிக்கிறேன் சார், ஏறுங்க" என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"வேணாங்க. எங்க ஆளு அடுத்த வாரம் வந்துடுவாரு" என்றேன்.