எழுந்தால் தப்பு

ஆரணி
3.2.2025

இல்லை பரிமளா, நான் விழவில்லை. நடுவர் விசில் அடித்தது அதற்காக இல்லை. எழுந்துவிட்டேனாம்!

உட்கார்ந்து ஆடும் வாலிபாலில், பந்தைத் தொடும்போது உடம்பு தரையைவிட்டு எழும்பக் கூடாது. உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒற்றைக்கால்காரி என்னைப் பார்த்து நடுவர் கை நீட்டி, "எழுந்துட்டம்மா நீ" என்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பாயிண்ட் போனது. மேட்ச் போகவில்லை. மாவட்டத்தில் நாம்தான் முதல்!

22ஆம் தேதி திருச்சியில் மாநிலப் போட்டி. காத்தாயிக்குத் தோள் நழுவிவிட்டது. மிச்சம் ஐந்து பேர். ஆறு பேர் இல்லாமல் ஆட விடமாட்டார்கள். பெயர் கொடுக்க 15 கடைசி.

கல்யாணமாகி ஏழு மாதம். பந்தை எடுத்துக் கொடுக்க விரல் மறந்துவிட்டதா?

உன் போன் உன் அத்தை கையில். அதனால் பாலு அண்ணன் சந்தவாசலுக்குக் கொண்டுவரும் பட்டுநூல் மூட்டையில் இதை வைக்கிறேன். பதிலை அவர் திரும்ப எடுத்துவரும் சேலை மூட்டையில் வை.

சாரா


சந்தவாசல்
6.2.2025

சாராவுக்கு,

விரல் மறக்கவில்லை. உன் கடிதம் படித்த கையோடு நூல்கண்டைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். நெற்றிக்கு மேல், பத்து விரலிலும். அத்தை பார்த்துவிட்டார். "இன்னாடி இது? பட்டு அது, பந்து இல்ல."

வர முடியாது.

இந்த வீட்டில் நான் நிற்க வேண்டும். காலில் மாட்டும் இரும்புக் காலிப்பருக்கு மேல் புடவை இறங்கிவிட்டால் சூம்பின கால் தெரியாது என்பது அத்தையின் எண்ணம். யார் வந்தாலும் கண்ஜாடை: "எழுந்து நில்லு." உறவில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. நான் தரையில் கையூன்றி நகர்வதை யாராவது போனில் எடுத்துப் போட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட நீயே கேளு" என்றார். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். இந்த நேரத்திலா?

வேறு ஆளைப் பார். கோபித்துக்கொள்ளாதே.

பரிமளா


ஆரணி
8.2.2025

பரி,

பார்த்தேன். உண்ணாமலை வந்தாள். நல்ல பெண். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

கோபமில்லை. பேஜார் பண்ணவும் இல்லை. படிவத்தில் ஆறாவது வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். 15 வரைக்கும்.

நேற்றும் எனக்கு இரண்டு விசில். எழுந்ததற்கு! நினைத்து நினைத்துச் சிரிப்பு.

சாரா


சந்தவாசல்
10.2.2025

சாரா,

நின்றேன். முக்கால் மணி நேரம். சுவரோரமாக, காபித் தட்டோடு.

மாப்பிள்ளையின் பெரியம்மா, முனியம்மா என்று பெயர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா நின்னுகினே கீறே? உக்காரு."

அத்தை முந்திக்கொண்டார். "அவளுக்கு நின்னாதான் புடிக்கும்."

எனக்கு உன் விசில் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். தட்டை வைத்தேன். முட்டியை மடக்க, அங்கிருந்த காலிப்பர் பூட்டைத் தட்டித் திறந்தேன். டக். கூடம் முழுக்கத் திரும்பியது. உட்கார்ந்தேன்.

"பிறந்ததுல இருந்து கால் இப்படித்தாங்க. நான் வாலிபால் ஆடுவேன்."

"உக்காந்துகினேவா?"

"உக்காந்துகினேதான். எழுந்தா தப்பு."

அந்த அம்மா வாயில் காபியோடு சிரித்துப் புரையேறி, நாத்தனார் ஓடிப்போய்த் தலையைத் தட்டினாள். அத்தை சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு ஒரே வார்த்தை: "காட்டிட்ட இல்ல?" மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை.

இன்று காலை அத்தை என் போனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். முழுக்க சார்ஜ் ஏற்றி. கோபமா, சம்மதமா, தெரியவில்லை. கேட்கப்போவதில்லை. 21ஆம் தேதி பஸ் ஏறுகிறேன் என்று மட்டும் சொல்வேன்.

ஆறாவது வரியில் எழுது: ப. பரிமளா. அப்பா பெயர் பச்சையப்பன்.

போனில் உன்னைக் கூப்பிடவில்லை. காலிப்பரைக் கழற்றிக் கதவோரம் வைத்தேன். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, கையூன்றி, இருபது முறை போய்வந்தேன்.

பரிமளா