பறக்கிற நேரமும் வந்து சேருகிற நேரமும்

அன்பு அத்தானுக்கு,

ஊரில் சொல்வது தவறு. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். வெளிநாடு போன மகன் மேல் இருந்த கோபத்தில்தான், அவன் வருமுன் உங்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேனாம். துரை ஆக்லாந்துக்குப் புறப்பட்ட அன்று மதுரை விமான நிலையத்தில் அவன் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நான். நீங்கள்தான் காரை விட்டு இறங்காமல் அழுதுகொண்டிருந்தீர்கள். அதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

நீங்கள் கண் மூடிய காலையில் உங்கள் தம்பி போனில் தூரம் பார்த்துவிட்டு வந்தார். மதுரையிலிருந்து ஆக்லாந்து பதினோராயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே என்று காட்டியதாம்.

"பதினாலு மணி நேரந்தான் மதினி. நாளைக்குக் காலைல துரை வந்துருவான். கொள்ளி வைக்க ஆம்பளப் பிள்ள வேண்டாமா?"

"அது பறக்குற நேரம். வந்து சேர எம்புட்டு நேரம்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் மறுபடியும் போனைத் தேய்த்தார். கான்வென்ட்டில் பூகோள உருண்டை மேல் நூலைப் பிடித்துத் தூரம் அளக்கக் கற்றவள் நான். அந்த நூல் எங்கும் இறங்கி ஏறுவதில்லை. துரைக்கு நேர் விமானம் கிடையாது. டிக்கெட் கிடைத்து, வழியில் இறங்கிக் காத்திருந்து, நம் ஊர் விஸ்வநத்தம் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிடும்.

உங்கள் கம்பெனியில் நீங்கள் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று உண்டு. பட்டாசு ஏற்றிய லாரி வெயிலில் நிற்கக் கூடாது. டிரைவர் டீ குடிக்க ஒதுங்கினாலும் சத்தம் போடுவீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லோடு ஏத்தியாச்சுன்னா வண்டிய நிப்பாட்டாத. எனக்கும் அதான்," என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்றேன்.

சொன்னபடி செய்தேன். நம் மகள் செல்வி கொள்ளிச்சட்டி தூக்கினாள். பெண்பிள்ளை சுடுகாட்டுக்கு வரலாமா என்று உங்கள் தம்பி வாசலை மறித்தார்.

"விலகுங்க சித்தப்பா. அப்பா வெயில்ல நிக்காக."

விலகினார்.

துரை மூன்றாம் நாள் வந்து அஸ்தியைக் கடலில் கரைத்தான். உங்கள் வார்த்தையைச் சொன்னேன். "எங்கிட்ட அப்பா அப்படிச் சொல்லலியே," என்றான். அதுதான் அவன் என்னோடு கடைசியாகப் பேசியது. வருஷம் திரும்பிவிட்டது. நான் மருந்து சாப்பிட்டேனா என்றுகூடத் தங்கையிடம்தான் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் இன்னும் நான்தான் முதலில் எழுந்திருக்கிறேன். அதற்காக அவன் முன் தலை குனிய வேண்டுமா, அத்தான்? மாட்டேன். இன்னொரு முறை என்றாலும் அதையேதான் செய்வேன்.

எனக்கும் அதே ஏற்பாடுதான். செல்வியிடம் சொல்லிவிட்டேன். செத்த பிறகு யாருக்காகவும் காத்துக் கிடக்க மாட்டேன். உயிரோடு இருக்கும்வரை எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன். அவன் வந்து இறங்கும் அன்று டிராலியை நானே தள்ளுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வருஷ நினைவுக்கு அச்சிட்டு, இந்தக் கடிதத்தையும் சேர்த்திருக்கும் இந்த நினைவு மலர் துரைக்கும் போகிறது. துரை, எப்போது வருகிறாய்? போன் வேண்டாம், தங்கையிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். எனக்கு எழுது.

உங்கள் மனைவி, துரைக்கும் செல்விக்கும் அம்மா,
மரகதம்