இரண்டு ஓட்டை போதுமாம்

என் அன்புக்குரிய வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மகளும் அத்தையும் நலம். மகளுக்குச் சளி குறைந்துவிட்டது, இருமல் மட்டும் மிச்சம். நீங்கள் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரி, விடு" என்று முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நம் வீடியோ கடை பிரிந்தது உங்களுக்குத் தெரியும், சம்மதம் சொன்னதே நீங்கள்தான். எப்படிப் பிரிந்தது என்பது தெரியாது. உங்கள் அண்ணன் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, கல்யாண வீட்டில் சமையல்காரர் அதிகாரம் பண்ணுகிற மாதிரி, இது இங்கே, அது அங்கே என்று கை காட்டினார். கேமராக்கள், விளக்குகள், பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பக்கம். வாடிக்கையாளர்கள் அந்த இடத்துக்குப் பழகிவிட்டார்களாம், அதனால் கடையும் அவருக்கே. நம் பக்கம் வந்தது ஒரு பழைய மானிட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், அந்த ஒல்லி லேப்டாப்.

இந்த லேப்டாப்பில் இரண்டே இரண்டு டைப்-சி ஓட்டைதான் இருக்கிறது, ஒன்றில் சார்ஜர் போனால் மிச்சம் ஒன்று, அதில் நான் டிஸ்க்கை மாட்டுவதா, கேமரா கார்டை மாட்டுவதா, மானிட்டரை மாட்டுவதா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏம்மா, நீ என்ன ராக்கெட்டா விடப்போற? வெட்டி ஒட்டுற வேலைதானே! ரெண்டு ஓட்டை போதும்" என்றார். பஞ்சாயத்துக்கு வந்திருந்த உங்கள் மாமா சிரித்தார். அவர் மகன் சிரித்தான். அத்தை மட்டும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

அந்தக் கடையிலிருந்து போன ஒவ்வொரு படமும் என் கையால் வெட்டி ஒட்டியது. மாப்பிள்ளை முறைக்கிற இடத்தை எடுத்துவிட்டுச் சிரிக்கிற இடத்தை வைத்தவள் நான். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எந்தப் பெற்றோரின் பிள்ளையும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டவள் நான். பெயர் மட்டும் அவருடையது. அன்றைக்குச் சிரித்த முகங்களை வரிசையாக மனதில் அடுக்கி வைத்திருக்கிறேன். உங்கள் முகம் அதில் இல்லை. நீங்கள் போனில் இருந்தீர்கள், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். நீங்களும் சிரித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. ஒரே இரைச்சல்.

அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மறுநாள் காலையிலேயே ஹப் வாங்கப் போனேன். ஹப் என்றால், லேப்டாப்பின் ஒரு ஓட்டையில் மாட்டினால் மறுபக்கம் பல வாய்களாகப் பிரிகிற சின்னப் பெட்டி. நடைபாதைக் கடைக்காரர், "எல்லாமே வேலை செய்யும்க்கா, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். மானிட்டரில் மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல இழுத்து இழுத்துப் போனது. டிஸ்க்கும் கார்டும் ஒன்றாக மாட்டினால் டிஸ்க் திடீரென்று கழன்றுகொள்ளும், திரும்ப வரும், மறுபடி போகும். கொஞ்ச நேரத்தில் பெட்டி தொட முடியாத சூடு. அதில் சார்ஜர் மாட்ட வாயே கிடையாது. லேப்டாப் கொடுக்கிற கொஞ்ச மின்சாரத்தை எல்லோருக்கும் பங்கு போட்டால் டிஸ்க் எப்படி ஓடும்? பங்கு போடுவதில் உங்கள் அண்ணனை மிஞ்சிவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அட்டைப் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று புரிந்தது. சார்ஜரை ஹப்பிலேயே மாட்ட முடிய வேண்டும். அந்த மின்சாரத்தில் கொஞ்சத்தை ஹப் எடுத்துக்கொள்ளும், மிச்சம் லேப்டாப்புக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். மானிட்டர் வாயில் அறுபது ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்க வேண்டும், முப்பது என்றால் அம்பு இழுக்கும். கார்டு போட உள்ளேயே இடம் வேண்டும். இதையெல்லாம் பார்த்து, உலோக உடம்பும் தடித்த வயரும் உள்ள ஒன்றை வாங்கினேன். இப்போது சார்ஜர், மானிட்டர், டிஸ்க், கார்டு, மவுஸ் எல்லாம் ஒரே ஓட்டையில். இன்னொரு ஓட்டை சும்மா கிடக்கிறது. உங்கள் அண்ணன் சொன்னதில் பாதிதான் தப்பு, ஒரு ஓட்டையே போதும்.

ஒரே ஒரு குணம் உண்டு. வேலை நடக்கும்போது சார்ஜரை உருவினால் ஒரு நொடி எல்லாமே அறுந்து திரும்ப வரும். அதனால் சார்ஜர் வயரை மேஜைக்காலில் சுற்றி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

சின்னச் சின்ன வேலைகள் வருகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மனைவி


அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. "அண்ணன் வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

அந்தத் தங்கம் போன வாரம் வீட்டுக்கு வந்தது. அம்மாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். அத்தை அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எழுந்துவிட்டு, நேராக என் மேஜைக்கு வந்தார். பெரிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம், இவரும் நம்முடையதைப் போலவே ஒல்லி லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறாராம். அதிலும் இரண்டு ஓட்டைதான். அந்த மட்டில் கடவுள் இருக்கிறார்.

என் புது ஹப் மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பழையது அதன் அட்டைப் பெட்டியோடு அலமாரியில் கிடந்தது. "ஏம்மா, இந்த ஓட்டைக்கெல்லாம் நீ என்னத்த மாட்டுற?" என்று கேட்டார். நான் மகளுக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அலமாரியில் ஒன்று இருக்கிறது, பாருங்கள் என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார். நல்லா உழைக்குதா என்று கேட்டார். நானும் அதில்தான் ஆரம்பித்தேன் என்றேன்.

பொய் இல்லை. அது உதவாக்கரை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிட்டேன். அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. குளிருக்கு இங்கிருந்து ஸ்வெட்டர் அனுப்பட்டுமா என்று கேட்கிறார்.

உங்கள் மனைவி


உங்களுக்கு,

உங்கள் அண்ணன் உங்களிடம் அழுதிருப்பார். நீங்கள் வரிசையாகப் போன் செய்ததையும் பார்த்தேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டாயிற்று. இனி நான் சொல்வதைப் படியுங்கள்.

நம் டான்ஸ் டீச்சரை நினைவிருக்கும். ஒவ்வொரு வருஷமும் அவர் பள்ளியின் மேடை நிகழ்ச்சி நம் கடைக்குத்தான் வரும். இந்த வருஷம் கடை அண்ணனுடையது என்பதால் வேலையும் அவருக்குப் போனது. டீச்சருக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். அதற்குப் பிறகு ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் மாணவிகளுக்கு நடுவில் டீச்சரே ஒரு நடனம் ஆடினார், கடைசித் தடவையாக. இது எனக்கு அப்போது தெரியாது.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மத்தியானம் உங்கள் அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கையில் லேப்டாப், டிஸ்க், கார்டுகள், போனில் எடுத்த படத்தைக் காட்டி வாங்கிய அதே நடைபாதை ஹப். நான் கேட்காமலே கொட்டினார். கார்டில் இருந்ததை டிஸ்க்குக்கு மாற்றியிருக்கிறார். காப்பி எடுக்கவில்லை. கார்டு சீக்கிரம் காலியாகட்டும் என்று கட் பண்ணி பேஸ்ட் பண்ணியிருக்கிறார். ஹப் சூடேறி, பாதியில் டிஸ்க் கழன்றுவிட்டது. டிஸ்க்குக்குப் போன படங்கள் திறக்கவில்லை. கார்டில் இருந்தவை அழிந்துவிட்டன.

வெட்டி ஒட்டுகிற வேலை அவ்வளவு சுலபம் இல்லை என்று யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

டீச்சரின் நடனமும் அதில் போய்விட்டது என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. நான் குறிவைத்தது இவரை, அடி பட்டது அந்த அம்மாளுக்கு. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை நினைத்து இவரை லேசாக விட்டுவிட மனசு வரவில்லை.

கார்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டேன். இதற்குமேல் எதுவும் பதியாமல் இருந்தால் மீட்டுவிடலாம், ஆனால் டீச்சரை இங்கே கூப்பிடுங்கள், நடந்ததை உங்கள் வாயாலேயே அவரிடம் சொல்லுங்கள், அப்புறம்தான் கார்டை உள்ளே போடுவேன் என்றேன். "குடும்ப மானம் போயிடும்மா" என்றார். எந்தக் குடும்பம் என்று கேட்டேன். எழுந்து அத்தையிடம் போய், நீயாவது சொல்லும்மா என்று குழைந்தார். அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடியே, "அன்னைக்கு நான் வாயத் திறக்காம இருந்ததே தப்பு. அவ கேக்குறதச் செஞ்சுட்டுப் போடா" என்றார். நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்கே நம்ப முடியவில்லை.

டீச்சர் கைத்தடியோடு படியேறி வந்தார். உங்கள் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டீச்சர் கத்தவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, "இத்தனை வருஷமா என் நிகழ்ச்சியையெல்லாம் படமா ஆக்கிக் கொடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டார். அவர் முனகினார். காது கேட்கவில்லை என்றார் டீச்சர். "இவதான்" என்றார் உங்கள் அண்ணன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன் நான். சொன்னார்.

அப்புறம்தான் ஹப்பில் கார்டைப் போட்டேன். அழிந்ததைத் தேடி எடுக்கிற மென்பொருளை ஓடவிட்டு, வருவதையெல்லாம் என் டிஸ்க்கில் சேர்த்தேன். மெதுவாக நடக்கிற வேலை. நடுவில் உங்கள் அண்ணன் தன் போனுக்குச் சார்ஜ் இல்லை என்று என் சார்ஜர் வயரில் கை வைத்தார். "கையை எடுங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் இனிக்கிறது.

மாணவிகளின் நடனத்தில் ஒரு துண்டு கடைசி வரை வரவில்லை. டீச்சர் ஆடியது முழுசாக வந்தது. மானிட்டரில் தன்னையே பார்த்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் என் வேலை எல்லாம் இந்த வீட்டுக்குத்தான் வரும் என்று உங்கள் அண்ணனைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை.

டீச்சர் போன பிறகு மானிட்டருக்குப் பின்னாலிருந்து என் ஹப்பை எடுத்து அவருடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். நான் உபயோகிப்பது இது, அலமாரியில் இருந்தது நான் தூக்கிப் போட்டது என்றேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "சொல்லலையே!" என்றார். வெட்டி ஒட்டுகிறவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று நீங்கள்தானே நினைத்தீர்கள் என்றேன். சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். அவருடைய ஹப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

டான்ஸ் பள்ளி வேலையை அவருக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சமும் கஷ்டமாக இருக்காது, கேட்டுவிட்டோமே என்று உங்களுக்குத்தான் கஷ்டமாகப் போகும்.

இன்னொரு செய்தி. சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். காலையில் வெயில் வரும், படி மட்டும் குறுகல். அத்தை குத்துவிளக்கு வைக்கிற மாதிரி மானிட்டரைத் துடைத்து வைத்துவிட்டு வந்தார். போர்டு எழுதுகிறவர் என் பெயரை எழுதி முடித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விடவா, நடுவாக இழுத்து எழுதிவிடவா என்று கேட்டார். அவர் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் யோசித்துக்கொண்டே நின்றேன். இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அவருக்குத் தம்பி என்பது பிறப்பால் வந்தது, அதை நான் மாற்ற முடியாது. எனக்கு நீங்கள் யார் என்பதை மட்டும் உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். அங்கே பனி கொட்டுகிறது என்று மகள் டிவியில் பார்த்துவிட்டுச் சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். நல்லபடியாக இருங்கள்.

இன்னும் உங்கள் மனைவியாக இருக்கிற
நான்