ஆரஞ்சுத் தோல் கரி

மே 4, ஞாயிறு

வடிகட்டும் வாளியில் கரி மாற்றினேன். பழைய கரி, பதினோராவது மூட்டையாகக் கொல்லைச் சுவரோரம் போய்ச் சேர்ந்தது. பழச்சாறுக் கடையிலிருந்து இரண்டு சாக்கு ஆரஞ்சுத் தோல் வந்திருக்கிறது. காயவைத்து மூடிய டிரம்மில் கரியாக்கினால் பத்து நாள் தாங்கும்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மறுபடி சோதித்தேன். எங்கள் கிணற்று நீரில் ஈயம் லிட்டருக்கு நாற்பத்தெட்டு மைக்ரோகிராம். கரி வழியாக வந்த நீரில் மூன்று. பத்தைத் தாண்டக் கூடாது. தெருக்கோடியில் பேட்டரி உடைக்கும் கொட்டகையை மூடும்வரை இதுதான் வழி. மகளுக்கு ஐந்தாம் மாதம். அவளுக்காகத்தான் ஜனவரியில் ஆரம்பித்தேன்.

மாடியறையில் இருக்கும் மச்சினன் எட்டிப் பார்த்தான். “எல்லாரும் பழத்தைத் தின்னுட்டுத் தோலை வீசுவாங்க. நம்ம மச்சான் தோலை வாங்கிட்டு வந்து தண்ணி குடிக்கிறாரு!”

மே 19

மூட்டைகளை எங்கே ஒப்படைப்பது என்று கேட்க நகராட்சிக்குப் போனேன்.

“கரிதானே? எரிச்சுடுங்க சார்.”

எரித்தால் ஈயம் புகையோடு தெருவுக்கே வரும் என்றேன்.

“அப்போ குப்பையில போடுங்க.”

மழையில் கரைந்து கிணற்றுக்கே திரும்பும் என்றேன். அதற்கு ஃபாரம் கிடையாது என்றார் குமாஸ்தா. பிறகு அவரே கேட்டார்: “நான் என்னதான் சார் பண்ணட்டும்?”

ஜூன் 3

வழியில்லை. மூட்டை சேர்கிறது.

ஜூன் 21, சனி

பதினைந்து இருக்க வேண்டும். எண்ணினேன். பத்து.

மச்சினன் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

“அஞ்சு மூட்டை எங்கடா?”

“மண்ணுக்குத்தான் போட்டேன். சும்மாதானே கிடந்துச்சு. கீரையைப் பாருங்க, உங்களைவிட வளந்துடும்!”

“எப்போலேருந்து?”

“மார்ச்லேருந்து. மருமகளுக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னாங்கள்ல? கரி போட்டா மண்ணுக்கு நல்லதுன்னு நீங்கதானே மச்சான் சொன்னீங்க?”

சொன்னேன். முதல் டிரம் இறக்கிய அன்று ஒரு கூடை புதுக் கரியை அவனுக்குக் கொடுத்ததும் நான்தான். புதுக் கரிக்கும், ஈயத்தை உறிஞ்சிய கரிக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. ஆய்வகத்தில் ஒரு புட்டியைக்கூடச் சீட்டு ஒட்டாமல் வைக்காதவன் நான் — மூட்டையில் ஏன் ஒரு வரி எழுதவில்லை?

வாரத்தில் மூன்று நாள் கீரை. அவளுக்கு மட்டும். அவளுக்குக் குறைந்துவிடும் என்று நாங்கள் யாரும் தொடவில்லை.

ஜூன் 26

கீரையை நானே சோதித்தேன். மூன்று முறை. மூன்று முறையும் அதே எண். இங்கே எழுதக் கை வரவில்லை.

ஜூன் 30

மகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு ஏழு மைக்ரோகிராம். ஐந்து வந்தாலே கவனிக்க வேண்டும்.

“இதுக்கு இப்போ மருந்து கிடையாது. கால்சியம் மாத்திரை சாப்பிடட்டும். மாசாமாசம் பாப்போம்” என்றார் டாக்டர்.

“குழந்தைக்கு?”

“பொறந்தாத்தான் தெரியும்.”

ஆட்டோவில் அவள் வயிற்றில் கை வைத்தபடியே வந்தாள். வீட்டு வாசலில் நின்று சொன்னாள். “மாமாகிட்ட எவ்ளோன்னு சொல்லாதீங்கப்பா. தாங்க மாட்டாரு.”

ஜூலை 20, ஞாயிறு

பாத்தியை ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி மண்ணைச் சாக்கில் கட்டினோம். முப்பத்தொரு மூட்டை. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ‘ஈயம்’ என்று எழுதினேன். மச்சினன் சாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதமாக அவன் யாரையும் கிண்டல் செய்வதில்லை. ரத்தத்தில் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கொட்டகையில் இன்றும் பேட்டரி உடைக்கும் சத்தம். வாளியில் கரி மாற்றினேன்.

மண் மூட்டை ஒன்றின் தையல் வழியே கீரை முளைத்திருக்கிறது. விரல் நீளம், நல்ல பச்சை. மச்சினன் அதன் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தான். பிறகு வேரோடு பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“இதை எந்த மூட்டையில போடறது மச்சான்?”