ஒன்றை ஒன்று தொட்டதும்

திங்கள். விடியலில் இருந்து மழை.

ஆய்வுகூடத்தில் இரண்டு போத்தலையும் பார்த்தேன். ஒன்றில் வளர்க்கும் நல்ல உயிர்க்கலங்கள். தளம் நிரம்பிவிட்டது. ஒன்றை ஒன்று தொட்டதும் பெருகுவதை விட்டுவிட்டு அப்படியே இருக்கின்றன. வியாழன் பிரித்துப் புதுப் போத்தலில் போட வேண்டும். மற்றதில் புற்றுக் கலங்கள். இடம் முடிந்த பிறகும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே.

வாங்க: பாண், சவர்க்காரம், அக்காவுக்குப் பஞ்சு. மார்பில் கட்டி எடுத்த இடம் இன்னும் கசிகிறது. றிப்போட் அடுத்த கிழமையாம்.

செவ்வாய். மழை விட்டது. புழுக்கம்.

வெள்ளவத்தை அறையில் இப்போது ஐந்து பேர். பாயோடு பாய். அக்கா கேட்டாள்.

"வெட்டி எடுத்தாப் பிறகும் வளருமோடி?"

"கை வெட்டுப்பட்டா காயம் மூடுமட்டும் கலம் பெருகும். ரெண்டு கரையும் முட்டினதும் நிண்டிடும். புற்று நிக்காது அக்கா."

"அயலட்டைச் சனத்தை மதிக்காத சனியன் எண்டு சொல்லு."

தையலைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்கு ஆள் பிணை. அக்காவுக்காக அங்கே பிணை நிற்பது அவள் கணவர், அத்தான். மாத முடிவுக்குள் இவள் திரும்பாவிட்டால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். கட்டி நல்லதென்றால் ஊருக்குப் போகலாம். கெட்டதென்றால் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் வைத்தியம்.

புதன்.

கொலன்னாவைப் பக்கம் வானம் முழுக்கக் கரும்புகை. எண்ணெய்த் தாங்கிகளை இயக்கம் அடித்துவிட்டதாம். கூடத்தைத் துடைக்கும் பியசீலி ஓடி வந்தாள். "மிஸ், இக்மனட்ட கெதர யன்ன!" வீட்டுக்கு ஓடு என்கிறாள். அவளுக்குப் பயம் எனக்காக, நான் தமிழ் என்பதால்.

அவசரத்தில் போத்தல்களுக்கு ஊட்டநீர் விட்டேன். நல்லதற்கு முதலில், புற்றுக்குப் பிறகு, ஒவ்வொன்றுக்கும் புதுக் குழாய். அதுதான் முறை. நானோ புற்றுக்கு முதலில் விட்டேன், அதே குழாயை நல்லதற்குள்ளும் வைத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.

சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டை. விட்டார்கள். வியாழன், வெள்ளி ஒருவரும் வெளியே போகவில்லை.

அடுத்த திங்கள்.

நல்ல போத்தலின் ஒரு மூலையில் சின்னக் கும்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குவியல். பக்கத்துக் கலங்கள் ஒதுங்கிக்கூடப் போகவில்லை, அப்படியே பேசாமல் கிடக்கின்றன, அவற்றின்மேல் இது. நான் கொண்டுபோய் விட்டது. குளோரின் ஊற்றிக் கொன்றேன். கழுவிய கையை மறுபடி மறுபடி கழுவினேன். அக்காவின் தலையைப் பின்னும்போதும் கண்ணுக்குள் அந்தக் கும்பி. பயமாக இருக்கிறது.

செவ்வாய்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் ஸ்லைட் பார்க்கும் டொக்டர் எனக்குத் தெரிந்தவர். என்னைக் கண்டதும் மைக்கிரோஸ்கோப்பைக் கையால் மறைத்தார். "பலன்ட எபா, நங்கி." பார்க்காதே தங்கச்சி என்றால் விடுவேனா? பார்த்தேன். ஏறி ஏறிக் கிடக்கிறது. வெட்டிய விளிம்பு வரைக்கும். உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது.

அறைக்கு வந்தால் அக்கா பிள்ளைகளுக்கு வாங்கிய செருப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. கூடாத கட்டிதான் போல."

அழுதேன். மகரகமவில் இடம் கேட்கலாம் என்றேன்.

"விசரே உனக்கு? அந்த மனுசன் எனக்காக அங்க பிணை நிக்கிறார். ரிக்கெட்டைப் போடு."

போகாதே என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அங்கே அத்தான். செருப்புகளை எடுத்துக் கொடுத்தேன்.