ஆணியில் தொங்கிய ஒற்றை டோக்கன்

மச்சான்,

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பித்தளை வாடை போகவில்லை. சில வாரங்களாகச் சட்டைப்பையிலேயே கிடந்த டோக்கனை, இன்று காலை ரிசல்ட் வரும்வரைக்கும் வேர்த்த விரல்களால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். உன் கையில் எப்போதும் இருந்த வாடை இது. நீ டீ கிளாஸை நீட்டினால் டீயைவிட இதுதான் முதலில் மூக்கில் ஏறும். நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் கழித்து என் கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பயப்படாதே, நல்ல சமாச்சாரம்தான். முதலிலிருந்து சொல்கிறேன்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் குழிக்குப் பக்கத்துத் தகர அறையில் உனக்கு வேலை. கேஜ் கூண்டில் ஏறிக் கீழே இறங்குமுன் ஆளுக்கொரு பித்தளை டோக்கனை உன்னிடம் கொடுப்போம். நம்பர் பார்த்துப் பலகையில் அதற்குரிய ஆணியில் மாட்டுவாய். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அவரவர் டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பலகை காலியானால் பூமிக்குள் ஒருவரும் இல்லை. யார் எந்தக் கேஜில், யாரோடு வந்தான் என்பதெல்லாம் உனக்குக் கவலை இல்லை. "கூட்டு மாறட்டும்டா, தலை மாறக் கூடாது" என்பாய்.

அப்பேர்ப்பட்ட உனக்கு நான் வைத்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. கல்யாணமான புதுசு. பங்காருபேட்டையில் புதுப்படம். முதல் கேஜில் மேலே வந்தவன், டோக்கனை மறந்து, குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டையோடு ஸ்டேஷனில் நிற்கிறேன். இங்கே உன் பலகையில் ஒற்றை டோக்கன் தொங்குகிறது. என்னைத் தேடி இரண்டு பேர் மறுபடியும் கீழே இறங்கிவிட்டார்கள். அடுத்த ஷிஃப்ட்காரர்கள் வெளியே நிற்கிறார்கள். நேரமாகிறது என்று மேஸ்திரி கத்தியதைப் பிறகு எல்லாரும் எனக்கு நடித்தே காட்டினார்கள்.

"அந்த டோக்கனைக் கயட்டிப் போடுய்யா, கணக்கு சரியாப் பூடும்."

"கணக்கு சரியாப் பூடும் மேஸ்திரி. ஆளு மேல வந்துருவானா?"

கடைசியில் யாரோ ஸ்டேஷனில் என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பேரும் என் வெள்ளைச் சட்டையையே பார்த்தார்கள். அடிப்பாய் என்று நினைத்தேன். நீ டோக்கனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "இன்னா மச்சான், படம் நல்லா இருந்திச்சா?" என்று மட்டும் கேட்டாய். அந்தப் படத்தை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

சுரங்கத்தை மூடி, எல்லார் டோக்கனையும் திருப்பி வாங்கிய பிறகு ஒருநாள் அதே டோக்கனைக் கொண்டுவந்து கொடுத்தாய். மறக்கிறவன் நீதான், நீயே வைத்துக்கொள் என்றாய். பெங்களூருக்கு ரயிலில் போய் செக்யூரிட்டி வேலை பார்க்கும் இத்தனை வருஷமும் அது என் சாவிக்கொத்தில்தான் தொங்கியது.

இனி யசோதா கதை. நீ போகும்போது என் மகள் ஒன்பதாவது. இந்த வருஷம் பத்தாவது. சயன்சில், அதிலும் கெமிஸ்ட்ரியில், தடுமாறிக்கொண்டிருந்தாள். நானும் அதே பத்தாவதில் அதே சயன்சில் உருண்டவன்தான். அதனால் எனக்கு அனுபவம் உண்டு என்று துணிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தண்ணீர். இதை இரண்டு பக்கமும் சமமாக எழுத வேண்டும். ஹைட்ரஜன் இரண்டிரண்டாகக் கைகோத்து வரும், ஆக்சிஜனும் அப்படித்தான். தண்ணீரிலோ இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன். இடது பக்கம் இரண்டு ஆக்சிஜன், வலது பக்கம் ஒன்று. ஒன்று குறைகிறது. நான் பென்சிலை வாங்கி, வலது பக்க ஆக்சிஜனின் காலடியில் குட்டியாக ஒரு இரண்டு போட்டேன். H₂O₂. "பாரு, சரியாப் போச்சு" என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவளும் பரீட்சையில் எல்லா இடத்திலும் காலடியில் குட்டி நம்பராகப் போட்டுவிட்டு வந்தாள். ஃபெயில். எல்லாப் பழியும் என்னுடையது இல்லை. ஆனாலும் என் பங்கு அதில் கணிசம். நான் போட்டது தண்ணீரே இல்லையாம், காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்தாம். டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

ஃபெயிலானவர்களுக்கு உடனே வைக்கும் இரண்டாவது பரீட்சையை எழுதமாட்டேன் என்றாள். கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாளாம். "ரயிலுக்குப் பாஸ் எடுத்துக் குடு நைனா, உன்கூடவே வரேன்." அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ரயிலில் தினமும் நின்றுகொண்டு போகிறவன் நான். பதினாறு வயதில் அவள் அதில் ஏற வேண்டாம்.

அன்று சாவிக்கொத்தை மேஜையில் போட்டேன். டோக்கன் கண்ணில் பட்டது. பளிச்சென்று மேஸ்திரியின் குரல் கேட்டது, கயட்டிப் போடுய்யா, கணக்கு சரியாப் பூடும் என்று. மச்சான், நான் அந்த மேஸ்திரி வேலையைத்தான் என் மகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். கணக்குக்காக ஆளையே மாற்றிவிட்டேன்.

அவளைக் கூப்பிட்டு உன் பலகையின் கதையைச் சொன்னேன், வெள்ளைச் சட்டை உட்பட. சிரித்தாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அப்போ காலடி நம்பர் ஆளோட உடம்பு. அதுல கை வெக்கக் கூடாது. முன்னாடி போடுற நம்பர்தான் எத்தினி ஆளுன்றது" என்றாள். அவளே தண்ணீருக்கு முன்னால் பெரிதாக ஒரு இரண்டு போட்டாள். ஆக்சிஜன் சரி. வலது பக்கம் ஹைட்ரஜன் நாலாகிவிட்டது. இடது பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் ஒரு இரண்டு போட்டாள். விரல் விட்டு எண்ணினோம். கீழே இறங்கியது நாலு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். மேலே வந்ததும் அதே ஆறு தலை. கூட்டுதான் மாறியிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கே ருசி வந்துவிட்டது. பத்து ஜோடி ஹைட்ரஜன், மூன்று ஜோடி ஆக்சிஜன், எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒரு கேள்வி. ஒரு ஆக்சிஜன் ஜோடி இரண்டு ஹைட்ரஜன் ஜோடியை இழுத்துக்கொண்டு போகும். ஆறு ஜோடி போய்விடும், ஆறு தண்ணீர் வரும், நாலு ஜோடி ஹைட்ரஜன் சும்மா நிற்கும். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்குப் பத்தாத அன்றைக்கு நாங்கள் ஷாஃப்ட் வாசலில் வெட்டியாக நின்றோமே, அதேதான் என்றேன். அவள் நோட்டில் "விளக்கு பத்தல" என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

பரீட்சை அன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். கேட்டில் என் சாவிக்கொத்திலிருந்து டோக்கனைக் கழற்றச் சொன்னாள். வாங்கிப் பார்த்து, உன்னிடம் நாங்கள் கொடுத்ததைப் போலவே என்னிடம் நீட்டி, "மாட்டி வெய்யி நைனா. கீய போறேன்" என்றாள். மாட்ட ஆணி இல்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்ததும் எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "இன்னும் மேல வரல. ரிசல்ட் வரட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் உன் உத்தியோகத்தை நான் பார்த்தேன் மச்சான். எத்தனை வருஷம் நீ இதைச் செய்தாய். ஒரு டோக்கனுக்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது. கீழே இருக்கிறவனுக்குக்கூட வேலை இருக்கிறது, கை ஓடுகிறது. மேலே பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன்னை "உனக்கு இன்னாடா, உக்காந்த வேலை" என்று நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன். அதை இன்றைக்குத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

இன்று காலை பக்கத்துக் கடையில் செல்போனில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு யசோதா என் பக்கம் திரும்பினாள். பாஸா, எவ்வளவு மார்க் என்று நான் கேட்குமுன் கையை மட்டும் நீட்டினாள்.

"குடு நைனா."

எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது உன்னுடைய அந்தக் கேள்விதான். "இன்னாம்மா, படம் நல்லா இருந்திச்சா?" என்றேன்.

டோக்கன் இனி அவளிடம்தான். என் பை காலி, மச்சான். கையில் உன் வாடை மட்டும் இருக்கிறது. மூன்றாவது தடவை கழுவப் போவதில்லை.