படத்தில் தப்பியவன்

அண்ணை,

இன்று அப்டன் பார்க்கில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் பிரெஞ்சுப் படத்தின் டிவிடியைக் கண்டேன். அட்டையில் அதே எரிகிற கார். வேண்டாம் என்று நாலு எட்டு நடந்துவிட்டு, மனம் கேளாமல் திரும்பிப் போய் வாங்கினேன்.

ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் நாம் இருந்த ஏழு வருடமும், ஞாயிறு பூசை முடிந்து வந்தால் உங்களுக்கு இந்தப் படம்தான். "வேற படமே கிடைக்கேல்லையோ?" என்று நக்கலடிப்பேன். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். பாரிசில் காசு ஏற்றிப்போன வாகனத்தை மறித்துக் கொள்ளையடித்த உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த படம். அந்தக் கூட்டத்துக்குக் கார் ஓடியவன் உங்கள் தம்பி. அன்றைக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. எரிந்துபோன அந்தக் காருக்குள் கிடந்த உடல் யாருடையதென்று பொலிசாலும் சொல்ல முடியவில்லை.

படத்தின் கடைசியில் கார் ஓடுகிறவன் மட்டும் தப்பி, ஒரு சின்ன ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறான். அந்த இடம் வந்ததும் என் முழங்கையைப் பிடிப்பீர்கள்.

"பார், போறான். விசாரியாமலோ எடுத்திருப்பாங்கள்?"

"ஓம் அண்ணை," என்பேன். நான் நம்பியதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது? தம்பியின் ஆத்துமசாந்திக்குப் பூசை ஒப்புக்கொடுக்கட்டோ என்று மன்னாரிலிருந்து உங்கள் அம்மா அழுதபோதும் நீங்கள் விடவில்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கம்மா பூசை? படத்திலயே காட்டிப்போட்டாங்கள்," என்றீர்கள்.

இன்று பின்னேரம் படத்தைப் போட்டேன். அது முடிந்த பிறகு இயக்குநரின் பேட்டி ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. ரயில் புறப்பட்டதும் நிறுத்திவிடுவீர்கள். அவர் பிரெஞ்சில் பேச, கீழே ஓடிய ஆங்கிலத்தைப் படித்தேன். உண்மையில் ஒருவரும் தப்பவில்லையாம். மனம் பொறுக்காமல் தானே அந்த முடிவைக் கட்டினாராம்.

பதினைந்து வருடம் பாரிசில் இருந்த உங்களுக்கு அது விளங்க ஆங்கிலம் தேவையில்லை. வாங்கிய அன்றைக்கே கேட்டிருப்பீர்கள். அதனால்தான் எப்போதும் படத்தை நிறுத்த அந்த அவசரம். எனக்குக் கோபம் வருகிறது, அண்ணை. என்னிடமாவது சொல்லி அழுதிருக்கலாம்.

பேட்டி முடியுமுன்னே அம்மாவின் அழைப்பு வந்தது. நீங்கள் போன பிறகு ஞாயிறு தவறாமல் எனக்குத்தான் எடுக்கிறா.

"மூத்தவனையும் மண்ணுக்குக் குடுத்திட்டன். சின்னவனாவது வருவான்தானே, மோனை?"

உண்மை வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அந்த மனுசிக்கு மிஞ்ச ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால் சாகும்வரை வாசலைப் பார்த்திருப்பா. நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பட்ட பாடு இனி என்னுடையது.

"ஓம் அம்மா," என்றேன். "அவன் ரயில் ஏறினதை நானும் பாத்தனான்."